ரிவர்சைடு கவுண்டிக்குக் குடிவருபவர்களுக்கு: வீட்டைப் பார்க்கும் முன் சாலையைப் பாருங்கள்

தெற்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்து வருபவர்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ், அர்வைன், சான் டியேகோ என்று கடலோரத்தில்தான் முதலில் வீடு தேடுகிறார்கள். வாடகையைக் கேட்டதும் மலைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "ரிவர்சைடு பக்கம் வாருங்கள், அதே பணத்துக்கு இன்னும் ஓர் அறையும் கொல்லைப்புறமும் கிடைக்கும்" என்று சொல்லிவிடுகிறார். சொன்னது பொய்யில்லை. கவுண்டி இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கே அதுதான் காரணம். ஆனால் கவுண்டியின் எந்த மூலையில் குடியேறுகிறோம் என்பதைப் பொறுத்து, அந்தக் கூடுதல் அறை வரமாகவும் ஆகலாம், தினமும் மூன்று மணி நேரத்தைச் சாலையில் கரைக்கும் சுமையாகவும் ஆகலாம். புதிதாக வருபவர்கள் எதை எந்த வரிசையில் செய்தால் நல்லது என்று, இங்கே வாழ்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள்

கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ரிவர்சைடு கவுண்டி 1893-இல் சான் பெர்னார்டினோ, சான் டியேகோ கவுண்டிகளிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 7,300 சதுர மைல். மேற்கே ஆரஞ்சு கவுண்டியின் எல்லையில் தொடங்கி, கிழக்கே அரிசோனாவைப் பிரிக்கும் கொலராடோ ஆறு வரை நீள்கிறது. ரிவர்சைடு நகரத்திலிருந்து கிழக்கு எல்லையிலுள்ள பிளைத் ஊருக்குப் போக 170 மைல் ஓட்ட வேண்டும். ஆகவே "ரிவர்சைடு கவுண்டியில் வீடு" என்று ஒருவர் சொன்னால் அதில் தகவல் எதுவும் இல்லை. எந்த ஊர், எந்த ஃப்ரீவேக்குப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள்.

குடியேறுபவரின் கண்ணோடு பார்த்தால் நான்கு பகுதிகள் தெரியும். வடமேற்கில் ரிவர்சைடு நகரம், கொரோனா, நார்கோ, ஈஸ்ட்வேல், ஹுரூபா வேலி, மொரீனோ வேலி ஆகியவை நெருக்கமாக அமைந்திருக்கின்றன. தென்மேற்கில் டெமெக்யூலா, மரியேட்டா, மெனிஃபி, லேக் எல்சினோர். இங்கிருந்து பலர் தெற்கே சான் டியேகோ பக்கம் வேலைக்குப் போகிறார்கள். நடுவில் மலைக் கணவாயில் போமான்ட், பானிங். கணவாயைத் தாண்டினால் பாலைவனம். பாம் ஸ்பிரிங்ஸ், பாம் டெசர்ட், இண்டியோ, கோச்செல்லா எல்லாம் அங்கே இருக்கின்றன. கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெயில், மின்கட்டணம், வேலை, பேருந்து நிறுவனம் என்று எல்லாமே வேறு. தொலைபேசிக் குறியீடுகூட மேற்கே 951, கிழக்கே 760.

1990-இல் இங்கே 11.7 லட்சம் பேர் இருந்தார்கள். 2000-இல் 15.45 லட்சம், 2010-இல் 21.89 லட்சம், 2020 கணக்கெடுப்பில் 24.18 லட்சம். மக்கள்தொகையில் கலிஃபோர்னியாவின் நான்காவது பெரிய கவுண்டி இது. 2008-இல்தான் நகராட்சி ஆன மெனிஃபியில் 2020-இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் இந்த வேகத்தோடு ஓடிப்பிடிக்க முயல்கின்றன. பல இடங்களில் இன்னும் பின்தங்கித்தான் நிற்கின்றன. இனிச் சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவை.

முதல் வேலை: வேலைக்குப் போகும் பாதையை ஓட்டிப் பாருங்கள்

வீட்டுப் படங்களைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அலுவலகம் ஆரஞ்சு கவுண்டியில் என்றால் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போவது 91-ஆம் எண் ஃப்ரீவே. கொரோனாவுக்கு மேற்கே சான்டா ஆனா மலைகளுக்கும் சீனோ மலைகளுக்கும் இடையே ஒரு குறுகிய பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆறு, ரயில் பாதை, ஃப்ரீவே மூன்றும் அதற்குள்தான் நுழைந்து போக வேண்டும். மேற்குக் கவுண்டியிலிருந்து ஆரஞ்சு கவுண்டிக்குப் போகும் கூட்டம் மொத்தமும் அந்த ஒரே வாயிலில் வந்து குவிகிறது. மாற்று வழி என்று சொன்னால், லேக் எல்சினோரிலிருந்து மலையேறி சான் ஹுவான் கபிஸ்ட்ரானோவில் இறங்கும் ஆர்டேகா நெடுஞ்சாலை. வளைந்து நெளிந்து போகும் மலைப்பாதை அது. தினசரி அலுவலகப் பயணத்துக்கு அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டுத் தரகர் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் அழைத்துப்போவார். அன்று 91-இல் அலுவலக நேர நெரிசல் இருக்காது. "நாற்பது நிமிடம்தான்" என்று உங்களுக்கே தோன்றிவிடும். அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை, விடியற்காலையில் நீங்கள் உண்மையில் கிளம்ப வேண்டிய நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாகன நிறுத்தம் வரை ஓட்டிப் பாருங்கள். மாலையில் திரும்பியும் ஓட்டுங்கள். மாலைப் பயணம்தான் கூடுதலாகச் சோதிக்கும். ஒருநாள் விடுப்பு எடுத்துச் செய்தாலும் நட்டமில்லை.

91-இல் கட்டணத் தடங்கள் உண்டு. ஆரஞ்சு கவுண்டிப் பகுதியில் 1995 முதல் இருக்கின்றன. 2017-இல் ரிவர்சைடு கவுண்டிக்குள் 15-ஆம் எண் ஃப்ரீவே வரை நீட்டித்தார்கள். 15-இலும் கொரோனா பக்கம் 2021-இல் இதுபோன்ற தடங்கள் திறக்கப்பட்டன. இவற்றில் போக ஃபாஸ்ட்ராக் என்ற சாலைக் கட்டணக் கணக்கும் காரில் ஒட்டும் கருவியும் வேண்டும். கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும். நெரிசல் கூடினால் ஏறும். மூன்று பேரும் அதற்கு மேலும் சேர்ந்து போனால் சலுகை உண்டு. ஆனால் கருவியில் உள்ள பொத்தானை மூன்றுக்கு நகர்த்தி வைத்தால்தான் அது கிடைக்கும். தினமும் இரண்டு வேளையும் கட்டணத் தடத்தில் போனால் மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதை வாடகையோடு கூட்டிப் பாருங்கள். சில குடும்பங்களுக்கு அந்தக் கூட்டல் முடிந்ததும் கடலோர வாடகையே மேல் என்றாகிவிடுகிறது.

ரயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெட்ரோலிங்க் ரயில்கள் ரிவர்சைடு நகர மையம், லா சியெரா, கொரோனா நிலையங்களிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் நிலையத்துக்கும் ஆரஞ்சு கவுண்டிக்கும் போகின்றன. 2016-இல் பாதை தெற்கே பெரிஸ் வரை நீண்டது. மொரீனோ வேலிக்காரர்களுக்கு மார்ச் ஃபீல்ட் நிலையம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். காரில் போனாலும் காலை நேரத்தில் அதைவிடப் பெரிதாகக் குறையாது. ரயிலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், தூங்கலாம். குறை என்னவென்றால் வண்டிகளின் எண்ணிக்கை. நகர்ப்புற மெட்ரோ போல ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது. மாலை வண்டியைத் தவறவிட்டால் வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும். கால அட்டவணையை அலுவலக நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். இறங்கும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சான் டியேகோவில் வேலை என்றால் டெமெக்யூலா, மரியேட்டா பக்கம் பாருங்கள். 15-ஆம் எண் ஃப்ரீவே நேராகக் கொண்டுபோய்விடும். ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து டெமெக்யூலாவுக்கு வரும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி ஒன்று இருக்கிறது. எல்லா நாளும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர்கள், பதினெட்டு வயது நிறைந்திருந்தால், பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பச்சை அட்டையோ ஐ-94 வருகைப் பதிவின் பிரதியோ பணப்பையில் இருக்கட்டும்.

முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள்

வந்த உடனே வீடு வாங்காதீர்கள். ஒரு கோடையை முழுதாகக் கடந்த பிறகு வாங்குங்கள் என்று என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். ரிவர்சைடு நகரத்தில் கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாள்கள் நிறைய வரும். பாலைவனப் பக்கம் 110-ஐத் தாண்டுவது சாதாரணம். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றலாம். இது வேறுவகை வெயில். வியர்வை தெரியாது, காற்று உலர்ந்திருக்கும், உடலில் நீர் குறைவது தெரியாமலே தலைவலி வரும். இரவில் குளிர்ந்துவிடும் என்பது மேற்குப் பகுதியின் ஆறுதல். மழை ஆண்டுக்குப் பத்து அங்குலம் அளவில்தான், அதுவும் குளிர்காலத்தில்.

வாடகைக்குக் கேட்கும்போது கடன் மதிப்பெண் கேட்பார்கள். புதிதாக வந்தவர்களிடம் அது இருக்காது. வேலை நியமனக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டு, வங்கி இருப்பு அறிக்கை மூன்றையும் ஒரே கோப்பாக வைத்துக் கொடுத்தால் பெரிய குடியிருப்பு வளாகங்கள் ஏற்றுக்கொள்வது உண்டு. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் முன்வைப்புத் தொகை ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஓரிரண்டு வீடுகள் மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் இரண்டு மாதம் வரை கேட்கலாம். குடிபோகும் நாளில் சுவர், தரைவிரிப்பு, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அந்தப் படங்கள்தான் பேசும். வீட்டைக் காட்டாமல் பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரம் எதுவானாலும் விலகிவிடுங்கள்.

ஆண்டு வாடகை உயர்வுக்கும் மாநிலச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்த்து, எப்படியும் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் கட்டி 15 ஆண்டு ஆகாத கட்டடங்களுக்கும், தனிநபருக்குச் சொந்தமான பெரும்பாலான தனிவீடுகளுக்கும் இது பொருந்தாது. இந்தக் கவுண்டியில் நிறைய வீடுகள் இந்த விலக்குக்குள் வந்துவிடும் என்பதால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மின்சாரம் யாரிடமிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். ரிவர்சைடு நகரத்துக்குச் சொந்த மின், குடிநீர் நிறுவனம் உண்டு. 1895-இல் தொடங்கியது, நகராட்சியே நடத்துகிறது. நகர எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் தனியார் நிறுவனமான சதர்ன் கலிஃபோர்னியா எடிசன். அங்கே பல திட்டங்களில் மாலை 4 முதல் 9 மணி வரை மின்சாரம் விலை கூடுதல். நீங்கள் வீடு திரும்பி ஏசியைப் போடும் அதே நேரம். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள் நகர எல்லைக்கு இருபுறமும் இருந்தால், கோடை மாதக் கட்டணங்களை இரண்டு பக்கமும் கேட்டு ஒப்பிடுவது நல்லது.

வாங்கும் முன் கேட்டே ஆக வேண்டியவை

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகளில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு என்ற சட்டத்தின்படி அடிப்படை வரி, வீட்டு மதிப்பில் 1 சதவீதம். நீங்கள் வாங்கிய விலைதான் தொடக்க மதிப்பு. அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இதற்கு மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பள்ளி, நீர்க் கடன்பத்திரங்கள் சேரும். இதுவரை சரி.

புதிய குடியிருப்புகளில் இதற்கும் மேல் மெல்லோ-ரூஸ் என்ற சிறப்பு வரி இருக்கும். 13-ஆவது முன்மொழிவு வந்த பிறகு புதுச் சாலைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் பணம் திரட்ட வழியில்லாமல் போனது. அதற்காக 1982-இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. அந்தந்தப் பகுதியின் பெயரில் கடன் வாங்கி வசதிகளைச் செய்து, அங்கே வீடு வாங்குபவர்களிடமிருந்து பல பத்தாண்டுகளுக்கு வசூலிப்பார்கள். மெனிஃபி, ஈஸ்ட்வேல், போமான்ட், லேக் எல்சினோர் போன்று அண்மையில் வளர்ந்த இடங்களில் பரவலாக உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகலாம். வீட்டு விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை என்பதால், விலை குறைந்த வீட்டிலும் பெரிய தொகை ஒளிந்திருக்கும். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு அடிப்படை வரி 6,000 டாலர். மெல்லோ-ரூஸில் இன்னொரு 3,000 சேர்ந்தால் மாதத்துக்கு 250 டாலர் கூடுகிறது. அதனால் தரகரிடம் "வரி எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்காமல், அந்த வீட்டின் அண்மைய வரிச்சீட்டையே கேட்டு வாங்கி வரி வரியாகப் படியுங்கள். சிறப்பு வரி எந்த ஆண்டில் முடிகிறது என்றும் கேளுங்கள். வீட்டுரிமையாளர் சங்கத்தின் மாதச் சந்தா இதில் சேராது, அது தனி.

வாங்கிய சில மாதங்களில் துணை வரிச்சீட்டு ஒன்று தபாலில் வரும். பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கான வரி அது. வங்கி மாதத் தவணையோடு சேர்த்து வரியைக் கட்டிவிடும் என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்தச் சீட்டு அதிர்ச்சியாக இருக்கும். பொதுவாக வங்கி இதைக் கட்டாது. நீங்கள்தான் கட்ட வேண்டும். வழக்கமான வரி இரண்டு தவணை: டிசம்பர் 10-க்குள் ஒன்று, ஏப்ரல் 10-க்குள் ஒன்று. நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து 7,000 டாலர் மதிப்புக் கழிவு பெறலாம். மிச்சம் ஆண்டுக்கு 70 டாலர் அளவுதான். சிறிய தொகைதான், ஆனால் ஒருமுறை விண்ணப்பித்தால் போதும்.

அடுத்து நெருப்பும் நிலநடுக்கமும். இலையுதிர் காலத்தில் சான்டா ஆனா காற்று என்று பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி உலர்ந்த காற்று வேகமாக வீசும். மலையடிவாரப் புதர்களில் ஒரு பொறி விழுந்தால் போதும். 2018-இல் லேக் எல்சினோருக்கு மேலே எரிந்த ஹோலி தீயைப் பலர் இன்னும் மறக்கவில்லை. வீடு விற்பவர் இயற்கை இடர் அறிக்கை ஒன்றைச் சட்டப்படி தர வேண்டும். அதில் தீ அபாய மண்டலம், வெள்ள மண்டலம், நிலநடுக்கப் பிளவு மண்டலம் ஆகியவற்றில் வீடு வருகிறதா என்று இருக்கும். பார்த்த வீடு பிடித்துப்போனால், விலை பேசுவதற்கு முன்னரே காப்பீட்டு முகவரை அழைத்து அந்த முகவரிக்குக் காப்பீடு கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். மலையடிவார வீடுகளுக்குப் பல நிறுவனங்கள் கொடுப்பதில்லை. வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கடைசி வழியாக ஃபேர் என்ற காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. செலவு அதிகம், காப்பு குறைவு.

கவுண்டிக்குள் சான் ஆண்ட்ரியாஸ், சான் ஹசின்டோ, எல்சினோர் என்று மூன்று பெரிய பிளவுகள் ஓடுகின்றன. 1918-இல் சான் ஹசின்டோ ஊரையே ஒரு நிலநடுக்கம் குலைத்தது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது. தனியாக எடுக்க வேண்டும். எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நீர்க்கொதிகலனைச் சுவரோடு பட்டையிட்டுக் கட்டுவது, உயரமான அலமாரிகளைச் சுவரில் திருகி வைப்பது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் கணக்கில் குடிநீர் சேர்த்து வைப்பது மட்டும் எல்லோரும் செய்ய வேண்டியவை.

இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. கூரையில் சூரியத் தகடு இருந்தால், அது சொந்தமா குத்தகையா? 2020 முதல் புதிய வீடுகளில் தகடு கட்டாயம் என்பதால் நிறைய வீடுகளில் பார்ப்பீர்கள். குத்தகை என்றால் மாதத் தவணை உங்கள் தலையில் வந்து சேரும். பாம் ஸ்பிரிங்ஸ், கதீட்ரல் சிட்டி பக்கம் என்றால், நிலம் யாருடையது? அங்கே சதுரங்கக் கட்டம் போல ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அகுவா காலியென்டே கவிலா பூர்வகுடியினரின் நிலம். அதன்மேல் இருக்கும் வீட்டை வாங்கலாம், நிலத்தை வாங்க முடியாது. நிலக் குத்தகைக்கு முடிவு ஆண்டு உண்டு. விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுவாக இருக்கலாம். அப்புறம், பக்கத்துக் காலி நிலத்தில் என்ன வரப்போகிறது? மொரீனோ வேலி, பெரிஸ், ஹுரூபா வேலி பகுதிகளில் பெருங்கிடங்குகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. மொரீனோ வேலியின் கிழக்கே 4 கோடி சதுர அடிக் கிடங்கு வளாகம் ஒன்றுக்கு 2015-இல் நகரமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கிடங்குகள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கின்றன. கூடவே இரவும் பகலும் லாரிகளும் வருகின்றன. நகரத் திட்டமிடல் துறையில் கேட்டால் அந்த நிலத்துக்கு என்ன வகைப்பாடு என்று சொல்லிவிடுவார்கள். வெறுங்கையோடு போய்க் கேட்கலாம், கட்டணமில்லை. யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

காகித வேலைகள்

கலிஃபோர்னியாவில் குடியேறிய 10 நாள்களுக்குள் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து கார் கொண்டுவந்தால் 20 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகன அலுவலகத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். உங்கள் ஊர் அலுவலகத்தில் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரில் தேடுங்கள். எந்த அலுவலகத்திலும் செய்துகொள்ளலாம்.

பள்ளி, முகவரியைப் பொறுத்தது. தபாலில் வரும் ஊர்ப்பெயரும் பள்ளி மாவட்டமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஈஸ்ட்வேல் பிள்ளைகள் கொரோனா-நார்கோ பள்ளி மாவட்டத்தில் படிக்கிறார்கள். சில குடியிருப்புகள் எந்த நகராட்சியிலும் சேராமல் நேரடியாகக் கவுண்டி நிர்வாகத்தின் கீழ் இருக்கும். அங்கே காவல், கவுண்டிக் காவல் தலைவரான ஷெரிஃபின் பொறுப்பு. பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணைப் போட்டுத் தேடினால் எந்தப் பள்ளி என்று காட்டும். கின்டர்கார்ட்டனுக்குச் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும். தடுப்பூசி அட்டை கட்டாயம். மத நம்பிக்கை, சொந்தக் கருத்து என்று காரணம் சொல்லி விலக்குப் பெறும் வழியை மாநிலம் 2016-இல் அடைத்துவிட்டது. ஊரில் போட்ட ஊசிகளின் அசல் பதிவைக் கையோடு கொண்டுவாருங்கள். இல்லையென்றால் குழந்தைக்கு மறுபடி ஊசி போட நேரிடும்.

மருத்துவருக்கு, காப்பீட்டு அட்டை வந்த வாரத்திலேயே குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வேகமாக வளரும் இந்தப் பகுதியில் மருத்துவர் எண்ணிக்கை போதவில்லை. புதிய நோயாளிக்கு முதல் சந்திப்பு கிடைக்கவே நாளாகும். இந்தக் குறையைப் போக்கத்தான் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் 2013-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். கவுண்டியின் பொது மருத்துவமனை மொரீனோ வேலியில் இருக்கிறது.

ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் காற்றைப் பற்றி யோசியுங்கள். கடற்காற்று லாஸ் ஏஞ்சலஸின் புகையை உள்நாட்டுக்குத் தள்ளுகிறது; மலைகள் தடுத்து நிறுத்திவிடுகின்றன. கோடைப் பிற்பகலில் ஓசோன் அளவு ஏறும். காற்றின் தரத்தைக் காட்டும் ஏர்நவ் இணையதளத்தில் அன்றன்றைய அளவைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளை விளையாட அனுப்புங்கள். ஏசி வடிகட்டியைத் தவறாமல் மாற்றுங்கள்.

தலைநகரை ஒருநாள் நடந்து பாருங்கள்

கவுண்டித் தலைநகரான ரிவர்சைடில் 2020 கணக்கின்படி 3.15 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 1870-இல் ஜான் நார்த் என்பவர் சான்டா ஆனா ஆற்றங்கரையில் தொடங்கிய குடியேற்றம் இது. நகர மையத்தில் மிஷன் இன் விடுதி, 1904-இன் நீதிமன்றக் கட்டடம், அருங்காட்சியகங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மெயின் தெருவின் நடைபாதைப் பகுதியில் காந்தி சிலை நிற்கிறது. ஹைதராபாத் இந்நகரத்தின் சகோதர நகரங்களில் ஒன்று. 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசியர், பஞ்சாபில் பிறந்த தலிப் சிங் சாவுந்த். ரிவர்சைடு, இம்பீரியல் கவுண்டி மக்கள்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டெமெக்யூலா அஞ்சலகம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். இந்த மண்ணில் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இந்திய மளிகைக்குப் பெரிய கடைத்தெரு வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஆர்டீசியாவில் பயனியர் பொலிவார்டுக்குப் போக வேண்டும். 91 வழியாகத்தான். சனிக்கிழமை காலை சீக்கிரம் கிளம்பினால் நல்லது.

மக்னோலியா, ஆர்லிங்டன் சாலைகள் சேரும் மூலையில் வேலிக்குள் ஓர் ஆரஞ்சு மரம் இருக்கிறது. 1873-இல் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி வாஷிங்டனிலிருந்து வரவழைத்து நட்ட விதையில்லா ஆரஞ்சுக் கன்றுகளில் எஞ்சிய ஒன்று. அந்தக் கன்றுகளிலிருந்து ஒட்டுக்கட்டியே கலிஃபோர்னியாவின் நேவல் ஆரஞ்சுத் தொழில் எழுந்தது. 1907-இல் இங்கே தொடங்கிய ஆரஞ்சு ஆராய்ச்சி நிலையம்தான் பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இப்போது அந்த மரத்தைச் சுற்றி மெல்லிய வலைக்கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்வது தமிழ்க் குடும்பங்களுக்கு அவசியம், ஏனென்றால் நம் கறிவேப்பிலைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற சிறு பூச்சி, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு மருந்தே இல்லாத பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. ரிவர்சைடு நகரில் அந்த நோய் 2017-இல் கண்டறியப்பட்டது. அந்தப் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் தங்கி முட்டையிட்டுப் பெருகும். அதனால்தான் நோய்த்தடுப்பு எல்லைக்குள் கறிவேப்பிலைச் செடியையும் ஆரஞ்சு வகைச் செடிகளையும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போகத் தடை இருக்கிறது. நண்பர் வீட்டுத் தொட்டியில் முளைத்த பக்கக் கன்றை அன்போடு கொடுத்தாலும் காரில் ஏற்றாதீர்கள். ஊரிலிருந்து பெட்டியில் கறிவேப்பிலை கொண்டுவருவதும் கூடாது. விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள், மறைத்தால் அபராதமும் உண்டு.

செடி வேண்டுமென்றால் உங்கள் பகுதிக்குள் இருக்கும் உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்கி, வாங்கிய சீட்டைப் பத்திரப்படுத்தி, உங்கள் தோட்டத்திலேயே வளருங்கள். மாதம் ஒருமுறையாவது இளந்தளிரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதிர்ந்த பூச்சி பழுப்பு நிறம், அசுவினிப் பூச்சி அளவு. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் மஞ்சளாக இருக்கும், அவற்றிலிருந்து வெள்ளை மெழுகு நூல்போலச் சுருண்டு தொங்கும். கண்டால் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கிளையை ஒடித்து யாரிடமும் காட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். கவுண்டி வேளாண் ஆணையர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்களே ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள்.